சாய்ந்தமருதுக்குப் பூட்டு வாங்கப் போன கதை

செவ்வாய்க்கிழமை, காலை 5.10

வெள்ளவத்தையில் ஓட்டோவில் ஏறும்போது மழை தூறிக்கொண்டிருந்தது. புறக்கோட்டை பஸ் நிலையத்துக்கு அறுநூறு ரூபாய் என்றார் ஓட்டோக்காரர். பேரம் பேச நேரமில்லை. அடையாள அட்டையை மறந்துவிட்டு வாசல்வரை வந்து, அதை எடுக்கத் திரும்பி ஓடியதில் பத்து நிமிடம் போயிருந்தது.

எங்கள் வீட்டில் எல்லாருடைய அட்டைகளும் கடவுச்சீட்டுகளும் அலுமாரிக்குள் ஒரு பிஸ்கட் டின்னில் கிடக்கும். என்னுடையதை இழுத்தபோது சரோஜாவின் அட்டையும் ஒட்டிக்கொண்டு வந்தது. சரோஜா எங்கள் வீட்டில் தங்கி வேலை செய்பவள், ஹற்றன் பக்கத்துத் தோட்டத்துப் பெண். அவளுடையதைத் திரும்ப டின்னுக்குள் போட்டு, அலுமாரியைப் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அவள் சுடுதண்ணிப் போத்தலில் தேநீர் ஊற்றிக்கொண்டு வாசலில் நின்றாள். "வளைவுல தலை சுத்தும்க்கா. மஹியங்கனை வந்த பொறகு குடிங்க" என்றாள்.

நான் போவது ஊர் பார்க்க அல்ல. ஏற்றுமதிக் கம்பனி ஒன்றில் பதினொரு வருடமாக வேலை செய்கிறேன். மருதமுனைக் கைத்தறித் துணியை வாங்கி, சாய்ந்தமருதில் ஒரு தையல் கூடத்தில் சமையலறை ஏப்ரன், பை, தலையணை உறை என்று தைப்பித்து ஐரோப்பியக் கடைகளுக்கு அனுப்புகிறோம். அங்கே வாங்குபவர்கள் இப்போது ஒரு கேள்வி கேட்கிறார்கள். இந்தத் துணி நூலாக இருந்த இடத்திலிருந்து எங்கள் கடைக்கு வரும்வரை, விருப்பமில்லாமல், விட்டுப் போக முடியாமல் யாராவது இதில் வேலை செய்தார்களா? இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் நவீன அடிமைத்தனம். விலங்கையும் சவுக்கையும் தேடிப் போனால் ஒன்றும் கிடைக்காது. ஆள் பிடிக்கக் காசு வாங்கிய தரகர், முதலாளியின் கையில் இருக்கும் கடவுச்சீட்டு, "போகிறேன்" என்றவளைப் போக விடாத ஒரு வார்த்தை, இவற்றைத்தான் தேட வேண்டும். எனக்கு அதில் நல்ல மூக்கு. கூடத்துக்குள் கால் வைத்துக் கால் மணி நேரத்தில் மணம் பிடித்துவிடுவேன் என்று அலுவலகத்தில் சொல்வார்கள். அதை நான் மறுத்ததில்லை.

காலை 5.50

கல்முனை பஸ்ஸில் டிக்கட் ஆயிரத்து எண்ணூற்றைம்பது. கண்டி, மஹியங்கனை, அம்பாறை வழி. பக்கத்து இருக்கையில் நிந்தவூர் விவசாயி ஒருவர், ஐம்பது வயதிருக்கும். தண்ணீர் பம்புக்கு வாங்கிய இரும்புத் துண்டு ஒன்றைக் கடதாசியில் சுற்றி மடியில் வைத்திருந்தார். வெள்ளாமை வெட்டு நடக்கிற நேரத்தில் பம்பு உடைந்தால் என்ன, உடையாவிட்டால் என்ன என்று கேட்டேன். அடுத்த போகத்துக்கு இப்போதே பார்த்து வைக்காவிட்டால் பிறகு வாய்க்காலில் தண்ணீர் வரும்போது கையைப் பிசைய வேண்டும் என்றார். கடுகண்ணாவை ஏற்றத்தில் கேள்வி கேட்கிற முறை அவருக்கு வந்தது.

"மிஸ் என்ன வேலையாப் போறீங்க?"

சொன்னேன். வேலைத்தலங்களில் அடிமைத்தனம் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை.

"அடிமையா? எங்கட பக்கத்திலயா?" மடியிலிருந்த இரும்புத் துண்டைத் திருப்பி வைத்தார். "எங்கட ஊர்ல கலியாணம் முடிச்சா மாப்பிளதான் பொஞ்சாதிர ஊட்டுக்குப் போகணும். நான் போய் இருவத்தாறு வருஷம். விசாரிக்கிறண்டா என்னையும் விசாரிங்க."

பின்னிருக்கையில் இருந்த அவருடைய மனைவி குனிந்து, "அவர விட்டுப் பாருங்க மிஸ், ரெண்டு நாளில திரும்பி வந்திருவார்" என்றார். பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள்.

மஹியங்கனை வளைவுகளில் கண்ணை மூடிக்கொண்டேன். பஸ் மலையிறங்கிய பிறகு சரோஜாவின் தேநீரைக் குடித்தேன். சூடு குறையாமல் இருந்தது.

பிற்பகல் 3.05

அம்பாறை தாண்டி சம்மாந்துறை வந்ததும் இரண்டு பக்கமும் வயல் விரிந்தது. பாதி வெட்டியாகிவிட்டது. வீதியின் ஒரு ஓரத்தை நெல் காயப்போட்டுப் பிடித்துக்கொண்டார்கள், சாரதியும் ஒன்றும் சொல்லாமல் ஒதுங்கி ஓட்டினார். காரைதீவுச் சந்தியில் பஸ் வடக்கே திரும்பியதும் காற்றில் உப்பு வந்தது. அதற்குப் பிறகு ஒரு ஊர் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது. சாய்ந்தமருதின் கடைகள் முடியாமலே கல்முனை வந்துவிடும். கல்முனையில் விடுதி அறை நாலாயிரத்து ஐந்நூறு, மின்விசிறி நன்றாக வேலை செய்தது. இரவுச் சாப்பாட்டுக்கு இடியப்பமும் முட்டை ஆணமும் கேட்டேன். ஆணம் என்றால் இங்கே குழம்பு.

புதன்கிழமை, காலை 9.00

தையல் கூடம் பிரதான வீதிக்கும் கடலுக்கும் நடுவில், ஒரு ஒடுக்கமான ஒழுங்கையில். கீழே முப்பத்திரண்டு தையல் மெஷின்கள், மேலே முதலாளி ஹபீபாவின் வீடு. ஐம்பத்தைந்து வயது, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு தேடுகிறவர். எல்லாரும் அவரை ராத்தா என்கிறார்கள், அதாவது அக்கா. நானும் அப்படியே கூப்பிட்டேன்.

"வாங்க மிஸ், இரிங்க. முதல்ல தண்ணி குடிங்க, புறகு கதைப்பம்."

கேள்விக்கொத்தைக் கொழும்பில் யாரோ தமிழாக்கியிருந்தார்கள். அதைத் தனித்தனியாகக் கேட்பது என் முறை. "வேலை நேரம் முடிந்த பின் தாங்கள் சுயவிருப்பின்படி வெளியேற இயலுமா?" என்று முதல் பெண்ணிடம் வாசித்தேன். அவர் ரஹ்மத், நாற்பது வயது, கூடத்தில் மூத்த தையல்காரி. "மழை இல்லாட்டி ஏலும்" என்றார். "தங்கள் நடமாட்டம் எவராலும் கட்டுப்படுத்தப்படுகிறதா?" "நான் மாப்பிளக்கிட்டச் சொல்லிட்டுத்தான் போவன், அவரும் என்னக்கிட்டச் சொல்லிட்டுத்தான் போவார். சொல்லாமப் போனா ரெண்டு பேருக்கும் சோறில்ல." இதை எந்தக் கட்டத்துக்குள் எழுதுவது? காகிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சும்மா கதைக்கத் தொடங்கினேன். சம்பளம் சரியான நாளில் வருகிறது. தரகர் கிடையாது. மணம் ஒன்றும் வரவில்லை. எட்டு மணிக்கு வந்து ஐந்து மணிக்குப் போகிற, வாய் ஓயாத, ஒழுங்கான கூடம்.

காலை 11.20

கடைசியாக வயது சரிபார்க்க வேண்டும். "எல்லாரும் ஐசியைக் காட்டுங்க" என்றேன். அடையாள அட்டைக்கு இங்கே ஐசி என்றுதான் பெயர். முப்பத்திரண்டு பேரும் ஒன்றாக மேலே பார்த்தார்கள். கூரையில் என்ன இருக்கிறது என்று நானும் பார்த்தேன்.

ஹபீபா ராத்தா இடுப்புச் சாவியைக் கழற்றிக்கொண்டு மேலே போனார். வரும்போது கையில் ஒரு தடித்த பொலித்தீன் பை. வாயை இரண்டு முறை மடித்து ரப்பர் பட்டி போட்டிருந்தது. உள்ளே முப்பத்திரண்டு ஐசி. மேலே இரும்பு அலுமாரியில் வைத்துப் பூட்டியிருந்தாராம்.

வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கால் மணி நேரத்தில் பிடிக்காததை இரண்டேகால் மணி நேரத்தில் பிடித்துவிட்டேன் என்று மனம் துள்ளியது. தொழிலாளியின் அட்டையை முதலாளி வைத்திருக்கக் கூடாது. இது எங்கள் பட்டியலில் முதலாவது வரி, அதற்கு விதிவிலக்குக் கிடையாது.

"ஏன் ராத்தா இது உங்களிட்ட?"

அவருக்கு என் கேள்வியே விளங்கவில்லை. "எல்லாரும் தந்தாங்க. அதான் வச்சிரிக்கன்."

ரஹ்மத் மெஷினை நிறுத்தினார். "மிஸ், எங்கட ஊடெல்லாம் கடக்கரையில. மேல்மாடி இல்ல. சுனாமிக்குப் புறகு இஞ்ச ஒவ்வொரு ஊட்டுலயும் இப்பிடி ஒரு பேக் இரிக்கி. ஐசி, பொறப்புப் பத்திரம், காணி உறுதிப் பத்திரம் எல்லாம் அதுக்குள்ளதான். உசரமான ஊடு ஆருக்கு இரிக்கோ, அங்க கொண்டு குடுக்கிற."

"உங்களிடமே வைத்துக்கொள்ளலாமே?"

"எங்கட பெரியம்மா வச்சிருந்தா. தண்ணி வந்த நேரம் வெளியில ஓடி வந்திட்டா. காணி உறுதிய எடுத்திட்டு வாறன் எண்டு திரும்பிப் போனா." ரஹ்மத் துணியை நேராக்கினார். "பெரியம்மாவும் இல்ல, உறுதியும் இல்ல. இப்ப தண்ணி வந்தா நாங்க ஒண்டுக்கும் திரும்பிப் போகத் தேவல்ல. ஓடினாச் சரி."

கொழும்பில் பட்டியல் எழுதியவர்களுக்கு இப்படி ஒரு பை இருக்கிறது என்று தெரியாது. எனக்கும் தெரியாது. துள்ளிய மனம் அடங்கியது. ஆனாலும் இந்த வேலையில் காரணம் நல்லதா கெட்டதா என்று பார்ப்பதோடு விடக் கூடாது. இன்னொன்றையும் கேட்க வேண்டும். கேட்டேன். "யாராவது இடையில் கேட்டுக் கிடைக்காமல் போனதுண்டா?"

"இல்ல மிஸ்" என்றார்கள். கடைசி வரிசையில் ஒருத்தி மட்டும் வாய் திறக்கவில்லை.

அட்டைகளை மேசையில் பரப்பி ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். அவள் முறை வந்தபோது பெயரைப் பார்த்தேன், நஃபீலா. இருபத்துமூன்று வயது. கையெழுத்துப் போடக் குனிந்தவள், எனக்கு மட்டும் கேட்கச் சொன்னாள்.

"மிஸ், என்ட ஐசிய மட்டும் பேக்குக்குள்ள போட மறந்திருங்க."

பகல் 12.30

லுஹர் தொழுகைக்கு மெஷின்கள் நின்றன. தண்ணீர்க் குழாயடியில் கை கழுவுகிற சாட்டில் நஃபீலாவிடம் போனேன். கல்முனையில் ஒரு பார்மசியில் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், அடுத்த நாள் காலை எட்டரைக்கு நேர்முகம், ஐசி இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். இரண்டு முறை கேட்டிருக்கிறாள்.

"ராத்தா தர மாட்டன் எண்டு சொல்லல்ல மிஸ். இந்த ஓடர் முடியட்டும், புறகு எடு எண்டுதான் சொன்னா. நான் ஏஎல் பயோ படிச்சவ. இது போனா இன்னொண்டு எப்ப வருமோ தெரியா."

"சண்டை பிடித்து வாங்கியிருக்கலாமே?"

"ராத்தாக்கிட்டயா?" என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "எங்கட உம்மாக்கு வருத்தம் வந்த நேரம் ஆசுபத்திரியில பதினாறு நாள் நிண்டது அவதான்."

இதுதான் நான் பதினொரு வருடத்தில் கண்ட மிகக் கெட்டியான பூட்டு. அன்பால் போட்டது. கோபம் வந்தது. ஆனால் யார்மேல் கோபிப்பது என்று அப்போது தெரியவில்லை.

பிற்பகல் 1.15

கொழும்புக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னேன். மேலாளர் இரண்டு நிமிடம் கேட்டார். "ஓடரை நிறுத்துங்கோ. அறிக்கையை எழுதுங்கோ. வேறை இடம் பார்ப்பம்" என்றார். விதிப்படி சரியான பதில். அந்தச் சரியான பதிலால் நஃபீலாவுக்கு ஐசி கிடைக்கும், மீதி முப்பத்தொரு பேருக்கு வேலை போகும். அதன் பிறகு இந்தக் கரையில் எந்தக் கூடத்திலும் எந்தப் பெண்ணும் என்னைப் போல் ஒருத்தியிடம் குனிந்து எதையும் சொல்ல மாட்டாள். ஒரு மணி நேரம் தாருங்கள் என்று போனை வைத்தேன்.

பிற்பகல் 2.00

கூடத்துக்குத் திரும்பி, முப்பத்திரண்டு ஐசியையும் அவரவர் கையில் கொடுத்தேன். ஒருத்திக்கு மட்டும் கொடுத்தால் சொன்னது யார் என்று தெரிந்துவிடும். எல்லாருக்கும் கொடுத்ததில் எல்லாரும் என்னை ஏசினார்கள். "இப்ப இதக் கொண்டு எங்க வைக்கிற மிஸ்? தண்ணி வந்தா நீங்க வருவீங்களா?" என்றார் ரஹ்மத்.

ஹபீபா ராத்தா என்னை மேலே கூட்டிப் போனார். பிளேன்டீ ஊற்றித் தந்தார், பனங்கட்டித் துண்டு ஒன்றும் வைத்தார். தான் குடிக்கவில்லை.

"நஃபீலா சொன்னாளா?"

நான் பனங்கட்டியைக் கடித்தேன்.

"சொல்லாட்டியும் எனக்குத் தெரியும். அவள் போகட்டும். நல்ல வேல. எனக்கும் ஆசதான்." கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். "மிஸ், நீங்க முதல்ல மாசக் கடைசிக்கெண்டு கேட்டீங்க. புறகு உங்கட ஒப்பீசில இருந்து, பத்து நாள் முந்தித் தாங்க எண்டு மெசேஜ் வந்திச்சி. கலரையும் மாத்தினீங்க. ஏப்ரன் கழுத்து அடிக்கிறதுக்கு அவளப்போல கை இஞ்ச இன்னொண்டில்ல. நான் ஆரப் பிடிச்சி வைக்க? கையில அம்பிட்டது அவள்ட ஐசிதான்."

சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டதுபோல நிறுத்தினார். "அல்லாஹ்" என்று மெதுவாகச் சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. பத்து நாளைக் குறைத்தது ஐரோப்பாக்காரர் அல்ல, நாங்கள். கப்பலில் இடம் மலிவாகக் கிடைத்தது என்று எங்கள் அலுவலகத்தில் கைதட்டிய கூட்டத்தில் நானும் இருந்தேன். அங்கே இழுத்த நூல் இங்கே வந்து ஒரு பெண்ணின் அட்டையை இறுக்கியிருக்கிறது. கோபிக்க வேண்டிய ஆள் கிடைத்துவிட்டார்.

மேலாளருக்கு மறுபடி போன் எடுத்தேன். இந்த முறை நான் கேட்கவில்லை, சொன்னேன். பத்து நாளும் திரும்பி வர வேண்டும். ஓடர் நிற்காது. அறிக்கையில் கூடத்தின் பிழையை எழுதுவேன், அதற்கு மேல் வரியில் எங்கள் பிழையை எழுதுவேன். அவர் பெருமூச்சு விட்டார். "மேல் வரியில்தான் எழுத வேணுமோ?" என்றார். "ஓம்" என்றேன். நாலு மணிக்குப் பதில் வந்தது, பத்து நாளும் வந்தது.

வியாழக்கிழமை, காலை 9.30

ஐசியை எங்கே வைப்பது என்ற ரஹ்மத்தின் கேள்வி மிஞ்சி நின்றது. கரையில் இருக்கிற வீட்டுக்குக் கொண்டு போ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முதல் நாள் மாலையே ராத்தாவுடன் வெல்டிங் கடைக்குப் போய், சின்னச் சின்னக் கதவு வைத்த இரும்புப் பெட்டி ஒன்று சொல்லியிருந்தோம். முப்பத்திரண்டு அறை, மேல்மாடி விறாந்தையில், படியேறினால் யாரும் தொடக்கூடிய இடத்தில். ஞாயிற்றுக்கிழமை தருகிறேன் என்றார் வெல்டிங்காரர். பூட்டு என் பொறுப்பு. கல்முனைச் சந்தைப் பக்கத்தில் ஒரு இரும்புக் கடையில் முப்பத்திரண்டு சின்னப் பூட்டு கேட்டேன். ஒன்று முந்நூற்றெண்பது ரூபாய், கம்பனிக் கணக்கு.

"எத்தின கட தொறக்கப் போறீங்க மிஸ்?" என்றார் கடைக்காரர். இருந்த பெட்டியெல்லாம் கவிழ்த்து எண்ணி எடுத்தார்.

கூடத்தில் பூட்டுகளைப் பிரித்துக் கொடுத்தபோது ஒவ்வொன்றிலும் இரண்டு சாவி இருந்தது. ஹபீபா ராத்தா வழக்கம்போலக் கையை நீட்டினார். "ரெண்டாவது சாவிய எனக்கிட்டத் தாங்க. இவளுகள் துலைச்சிருவாளுகள்."

"இல்லை ராத்தா. இரண்டும் அவர்களிடம்தான்."

"துலைச்சா?"

"பூட்டை உடைப்போம். உங்களிடம் கேட்கக் கூடாது. அவ்வளவுதான்."

நீட்டிய கையைப் பார்த்தார், சிரித்தார், அதே கையால் என் தோளில் ஒன்று போட்டார். வலித்தது.

பதினொன்றரைக்கு நஃபீலா வந்தாள். கறுப்பு அபாயாவில் இஸ்திரி மடிப்புக் கலையவில்லை. எல்லா மெஷினும் நின்றது. "திங்கக்கிழம சொல்லுறாங்களாம்" என்றாள். "எப்பிடிப் போச்சு?" என்று முதலில் கேட்டது ராத்தா. "மருந்துப் பேர் பத்துக் கேட்டாங்க. ஒம்பது சொன்னன்." "பத்தாவது?" "மறந்திட்டன்." "சோத்தத் திண்டிட்டு வா, ஏப்ரன் கிடக்கு" என்றார் ராத்தா. அவள் ஐசியை எடுத்துத் தன் கைப்பையின் உள்மடிப்பில் வைத்து, ஸிப்பை இழுத்து மூடிவிட்டு மெஷினில் உட்கார்ந்தாள்.

வெள்ளிக்கிழமை, பிற்பகல் 4.15

காலை ஐந்தரை பஸ்ஸில் புறப்பட்டேன். வழியெல்லாம் நல்ல நித்திரை. நல்ல வேலை செய்தவளின் நித்திரை என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். வெள்ளவத்தையில் இறங்கியபோது காலி வீதி வழக்கம்போல ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தது. ஒன்றும் மாறவில்லை.

சரோஜா தேநீர் கொண்டுவந்தாள். சாய்ந்தமருதுக் கதையெல்லாம் உற்சாகமாகச் சொன்னேன். கையில் தேநீர்த் தட்டை வைத்துக்கொண்டு நின்று கேட்டாள். பூட்டுக் கதைக்குச் சிரித்தாள். பிறகு சொன்னாள்.

"அக்கா, அலமாரிய ஒருக்கா தொறப்பீங்களா? புதன்கெழம தம்பிகிட்ட இருந்து ரெஜிஸ்டர் தபால் வந்துச்சு. ஐடி காட்டுனாத்தான் தருவேன்னு தபாற்கந்தோருல சொல்லிட்டாங்க. நாளைக்குப் போகாட்டி திருப்பி அனுப்பிடுவாங்களாம்."

"போன் பண்ணியிருக்கலாமே சரோ?"

"நீங்க வேலையா போயிருக்கீங்க. சாவி உங்க பையில. போன் பண்ணி என்ன செய்ய?"

அலுமாரி சாவி என் கைப்பைக்குள் நாலு நாள் கிடந்திருக்கிறது. புறக்கோட்டை, மஹியங்கனை, காரைதீவுச் சந்தி என்று என்னோடு ஊர் சுற்றியிருக்கிறது. புதன்கிழமை பதினொன்று இருபதுக்கு நான் ஹபீபா ராத்தாவின் இடுப்புச் சாவியைப் பார்த்துத் துள்ளிய நேரம் அது என் மடியில்தான் இருந்தது. ஏழு வருடத்துக்கு முன்னால் சரோஜா வேலைக்கு வந்த அன்று, பத்திரமாக வைத்திருங்கக்கா என்று அவளே தந்த அட்டை. எல்லாரும் தந்தாங்க, அதான் வச்சிரிக்கன்.

டின்னைத் திறந்து எடுத்து அவள் கையில் கொடுத்தேன். "இனி இது உன்னிடமே இருக்கட்டும்" என்றேன்.

அட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். தன் படத்தைப் பார்த்துக் கொஞ்சம் சிரித்தாள். பிறகு சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"எங்கக்கா வைக்கிறது? என் ரூமுக்குப் பூட்டு இல்லையே."

செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டு இறங்கினேன். காலி வீதியில் மூன்றாவது இரும்புக் கடை திறந்திருந்தது. நாதாங்கி ஒன்று, பூட்டு ஒன்று, ஆயிரத்து நூறு ரூபாய். என் கணக்கு. பூட்டோடு இரண்டு சாவி தந்தார்கள். வரும் வழியில் ஒரு சாவியை என் கை தானாகக் கைப்பைக்குள் போட்டது. ஒழுங்கை முனையில் நின்று அதைத் தேடி எடுத்து, இரண்டையும் சேர்த்துச் சரோஜாவிடம் கொடுத்தேன்.